கண்ணிவாரிக் கப்பல் கடலில் உண்மையில் என்ன செய்தது?

இரண்டாம் உலகப் போரைப் பற்றிய நூல்களில் 'கண்ணிவாரிகள் முன்னே சென்று வழியைச் சுத்தம் செய்தன' என்ற ஒற்றை வரி அடிக்கடி வரும். அந்த வரியைப் படிக்கும்போது நம் மனத்தில் விரியும் காட்சி பெரும்பாலும் தவறானது. வன்னியில் கண்ணிவெடி அகற்றுவோர் மண்டியிட்டு, கருவியால் மண்ணைத் தடவி, ஒவ்வொரு வெடியாகக் கண்டெடுத்த படங்களைப் பார்த்தவர்கள், கடலிலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். வேறு சிலர், கண்ணியில் மோதினாலும் தாங்கக்கூடிய உறுதியான கப்பல்தான் கண்ணிவாரி என்று நம்புகிறார்கள். இரண்டும் உண்மையல்ல. அந்தப் போரில் பணியாற்றிய சிறிய கடலோரக் கண்ணிவாரி, தான் அழித்த கண்ணிகளில் பலவற்றை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. அதன் உடலோ பெரும்பாலும் மரத்தால் ஆனது.

அப்படியானால் அது எப்படி வேலை செய்தது? அதைப் புரிந்துகொள்ள, கப்பலுக்கு முன்பாகக் கண்ணியைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வேடன் இல்லாத இடத்தில் வேட்டை

பறவைக்குக் கண்ணி வைக்கும் வேடன் அதன் அருகிலேயே உட்கார்ந்திருப்பதில்லை. வைத்துவிட்டுப் போய்விடுகிறான், பறவை தானாக வந்து சிக்குகிறது. கடற்கண்ணி என்பதும் இதுவேதான்: நீருக்குள் முன்கூட்டியே போட்டு வைக்கப்பட்டு, ஒரு கப்பல் அருகில் வரும்போது தானாக வெடிக்கும் வெடிகலம். போட்டவர்கள் எத்தனை தொலைவில் இருக்கிறார்கள் என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

இதன் வலிமையைக் கொழும்பு 1917இலேயே கண்டது. வணிகக் கப்பலைப் போலத் தோன்றிய 'வோல்ஃப்' என்ற ஜெர்மன் கப்பல், அந்த ஆண்டு பிப்ரவரியில் கொழும்புக்கு வெளியே கண்ணிகளை இட்டுவிட்டுச் சென்றது. பிறகு அதே மாதத்தில் 'வொர்செஸ்டர்ஷயர்', 'பெர்சியஸ்' என்ற இரு பிரிட்டிஷ் கப்பல்கள் அங்கே மூழ்கின. அவை மூழ்கியபோது தாக்கியவரைத் தேடினால் கடலில் யாரும் இல்லை. ஒரு துறைமுகத்தை மூடிவிடக் கடற்படை அதன் வாசலில் நிற்கத் தேவையில்லை என்பதே இந்த ஆயுதத்தின் சாரம்.

நீருக்குள் பறக்கும் பட்டம்

படங்களில் நாம் காணும் கொம்புகள் முளைத்த உருண்டையின் பெயர் நங்கூரக் கண்ணி. அது நீர்ப்பரப்பில் மிதப்பதில்லை. கடலடியில் கிடக்கும் எடைக்கட்டையில் ஒரு கம்பிவடம் கட்டப்பட்டிருக்கும். அதன் மறுமுனையில், மேலே வரத் துடிக்கும் காற்றடைத்த கலமாகக் கண்ணி நிற்கும். வடத்தின் நீளம் கணக்காக வைக்கப்பட்டிருப்பதால், அது பரப்புக்குச் சில மீட்டர் கீழே, கப்பலின் அடிப்பகுதி மோதும் ஆழத்தில் காத்திருக்கும். நூலில் கட்டிய பட்டம் காற்றில் நிற்பதைப் போல, இது நீரில் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டால் போதும்.

அதன் கொம்பு மெல்லிய ஈயத்தால் ஆனது. உள்ளே, அமிலக் கரைசல் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குப்பி. கப்பல் மோதிக் கொம்பு வளைந்தால் குப்பி உடையும். கரைசல் வழிந்து, அதுவரை உலர்ந்து கிடந்த ஒரு சிறு மின்கலத்தை உயிர்ப்பிக்கும். அந்த மின்சாரம் வெடிதூண்டியை இயக்கும். மோதல் நிகழும்வரை மின்சாரமே இல்லை என்பதால், இந்த அமைப்பு ஆண்டுக்கணக்கில் கெடாமல் காத்திருக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வடத்தின் நீளம் மாறாது. ஆனால் கடல்மட்டம் மாறும். நீர் ஏற்றத்தின்போது கண்ணி பரப்பிலிருந்து அதிக ஆழத்திலும், வற்றத்தின்போது மிக அருகிலும் இருக்கும். ஆகவே கண்ணிவாரிகள் கூடியவரை ஏற்றநீரிலேயே வேலையைத் தொடங்கின. ஆழம் குறைவாக மூழ்கும் சிறிய கப்பலுக்கு அந்த ஓரிரு மீட்டர்தான் உயிர்.

மாஞ்சா நூலும் மடிவலைப் பலகையும்

நங்கூரக் கண்ணியை அகற்ற அதைத் தொடவே வேண்டாம். அதன் வடத்தை அறுத்தால் போதும். பட்டப் போட்டியில் மாஞ்சா பூசிய நூலை எதிரியின் நூலுக்குக் குறுக்கே இழுத்து அறுப்பதும் இதுவும் ஒரே செயல்தான். கண்ணிவாரி தன் பின்னால் நீண்ட கம்பிவடம் ஒன்றை இழுத்துச் செல்லும். அதில் இடையிடையே வெட்டும் கத்திகள் பொருத்தப்பட்டிருக்கும்.

இழுத்துச் செல்லும் வடம் கப்பலுக்கு நேர் பின்னால் ஓடிவந்தால் பயனில்லை. அது பக்கவாட்டில் விரிய வேண்டும்; குறித்த ஆழத்திலும் நிற்க வேண்டும். இதற்கான விடை மீனவர்களிடமிருந்து வந்தது. இழுவைமடியின் வாயை விரித்து வைக்க இருபுறமும் பலகைகள் கட்டப்படுவதை நம் கரையோர மக்கள் நன்கு அறிவர். நீரின் தள்ளுவிசை அந்தப் பலகைகளை வெளிப்புறமாகத் தள்ளும். அதே வகைப் பலகை ஒன்று வடத்தின் முனையை ஒதுக்கிப் பிடிக்க, ஒரு மிதவை அதன் ஆழத்தைக் காக்க, கப்பலின் அருகே இன்னொரு பலகை வடத்தைக் கீழே அழுத்த, முழு அமைப்பும் கப்பலின் ஒரு பக்கமாகச் சாய்ந்து நீளும். முதல் உலகப் போரில் பிரிட்டன் மீன்பிடி இழுவைக் கப்பல்களையே இந்த வேலைக்கு அழைத்தது. அப்போது இரண்டு கப்பல்கள் நடுவில் வடத்தைப் பிடித்துக்கொண்டு இணையாகச் செல்லும். ஒரே கப்பல் தனியாகச் செய்யக்கூடிய மேற்சொன்ன முறைக்கு, அதைச் சோதித்துப் பார்த்த இழுவைக் கப்பலின் பெயரான 'ஒரோபெசா' என்பதே நிலைத்துவிட்டது.

வடம் அறுந்த கண்ணி மேலே வந்து மிதக்கும். அதைத் துப்பாக்கியால் சுட்டு மூழ்கடிப்பார்கள் அல்லது வெடிக்க வைப்பார்கள். கண்ணிவாரியில் இருந்தவர்கள் கண்ணியைக் கண்ணால் பார்த்த தருணம் பெரும்பாலும் இது ஒன்றுதான்.

சுருக்கமாக: நங்கூரக் கண்ணி என்பது கடலடியில் கட்டிய வடத்தின் முனையில் நிற்கும் தொடுவெடி, கண்ணிவாரி அதைத் தேடுவதில்லை, கடலின் ஒரு பட்டையை வடத்தால் அரிந்துகொண்டே போகிறது. 'வாரி' என்ற சொல் இங்கே மிகப் பொருத்தமாக அமைந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

தொடாமலே வெடித்த கண்ணி

1939 இறுதியில் தேம்ஸ் முகத்துவாரத்திலும் பிரிட்டனின் கிழக்குக் கரையிலும் கப்பல்கள் எதிலும் மோதாமலே வெடித்து மூழ்கத் தொடங்கின. வடம் அறுக்கும் கப்பல்கள் சென்று வந்த பாதையிலும் இது நடந்தது. அறுக்க அங்கே வடமே இல்லை என்பதுதான் காரணம்; இந்தக் கண்ணிகள் கடலடியில் சும்மா படுத்திருந்தன. இவற்றுக்குத் தரைக்கண்ணி என்று பெயர்.

நவம்பர் 22 இரவு ஒரு ஜெர்மன் விமானம் போட்ட கண்ணி, ஷூபரிநெஸ் அருகே நீர் வற்றும் சேற்றுத்திடலில் விழுந்தது. மறுநாள், பிரிட்டிஷ் கடற்படையின் 'வெர்னன்' நிலையத்தைச் சேர்ந்த ஜான் ஓவ்ரி என்ற அதிகாரி, காந்தத்தால் ஈர்க்கப்படாத உலோகத்தில் செய்த கருவிகளைக் கொண்டு அதைப் பிரித்தார். உதவிக்கு ஒரு மாலுமி உடன் நிற்க, மற்ற இருவர் பாதுகாப்பான தொலைவிலிருந்து ஒவ்வோர் அசைவையும் குறித்துக்கொண்டார்கள். தவறு நேர்ந்தால் அடுத்து வருபவருக்கு எது தவறு என்றாவது தெரிய வேண்டுமே. அன்று அவர் அந்தச் சேற்றில் செய்த வேலையை, போரின் போக்கையே மாற்றிய சில மணி நேரங்களில் ஒன்றாக நான் கருதுகிறேன்.

உள்ளே இருந்தது ஒரு காந்த ஊசி. எஃகுக் கப்பல் கட்டப்படும்போதே புவியின் காந்தப்புலத்தில் மாதக்கணக்கில் கிடந்து, தானும் ஒரு பெரிய, மெல்லிய காந்தமாகிவிடுகிறது. அது மேலே கடக்கும்போது, தராசின் முள் சாய்வதைப் போலக் கண்ணிக்குள் இருக்கும் ஊசி சாயும், சாய்ந்த ஊசி மின்சுற்றை இணைக்கும், கண்ணி வெடிக்கும். இதுவே காந்தக் கண்ணி.

கண்ணியை ஏமாற்றுதல்

வடம் இல்லாத கண்ணியை அறுக்க முடியாது. ஆனால் அது எதற்காகக் காத்திருக்கிறது என்பது இப்போது தெரிந்துவிட்டது. காத்திருப்பதை நாமே போலியாகக் காட்டினால் அது வெடித்துவிடும். வடம் அறுப்பதைத் தவிர, கடலோரக் கண்ணிவாரியின் போர்க்காலப் பணி இந்த ஒரு கருத்தின்மேல்தான் நிற்கிறது.

1940 தொடக்கத்தில் பிரிட்டன் நடைமுறைக்குக் கொண்டுவந்த முறை இது. கப்பல் தன் பின்னால் மிதக்கும் மின்வடங்கள் இரண்டை இழுக்கும். ஒன்று குட்டை, ஒன்று நீளம். இரண்டின் முனைகளும் உறையின்றி நீரில் திறந்திருக்கும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், கப்பலிலிருந்து அனுப்பும் பெரும் மின்னோட்டம் ஒரு முனையில் வெளியேறி, கடல் வழியாகவே மறு முனைக்குச் சென்று சுற்றை முடிக்கும். மின்னோட்டம் ஓடும் இடத்தில் காந்தப்புலம் எழும். இரண்டு கப்பல்கள் இணையாகச் சென்று, ஒரே நொடியில் மின்சாரத்தைச் செலுத்தினால், அவற்றின் பின்னால் பரந்த நீர்ப்பட்டை முழுவதும் பெரிய எஃகுக் கப்பல் கடந்ததைப் போலக் கண்ணிக்குத் தோன்றும். சில நொடிகள் மின்சாரம், பிறகு ஓய்வு, மீண்டும் மின்சாரம் என்று துடித்துக்கொண்டே அவை நகரும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மின்வடம் கப்பலுக்குப் பின்னால் இருக்கிறது. எனவே கண்ணியின்மேல் முதலில் கடப்பது கப்பலேதான். அந்தக் கணத்தில் கண்ணி விழிக்கக் கூடாது. நூறு இருநூறு மீட்டர் கழித்து விழிக்க வேண்டும். ஆகவே கண்ணிவாரி, காந்தத்தைப் பொறுத்தவரை, ஏறக்குறைய இல்லாத பொருளாக மாற வேண்டியிருந்தது. அது மரத்தால் கட்டப்பட்டதற்கு இதுவே பெரிய காரணம். மற்றபடி சிக்கனமோ பழமைப் பற்றோ அல்ல. இயந்திரமும் துப்பாக்கியும் இரும்பாகவே இருந்ததால், அவற்றின் காந்தத்தையும் அடக்கக் கப்பலைச் சுற்றி மின்கம்பிச் சுருள் ஒன்று ஓடியது. சுருளில் பாயும் மின்சாரம் கப்பலின் காந்தத்துக்கு எதிரான புலத்தை உண்டாக்கி அதைச் சமன்செய்யும். இதற்குக் காந்தநீக்கம் என்று பெயர். பெரிய போர்க்கப்பல்களுக்கும் வணிகக் கப்பல்களுக்கும் இதே காப்புச் செய்யப்பட்டது.

சுருக்கமாக: காந்தக் கண்ணி எஃகின் காந்தத்துக்காகக் காத்திருக்கிறது, மரக்கண்ணிவாரி தன் காந்தத்தை மறைத்துக்கொண்டு கடந்துபோய், பொய்யான காந்தத்தைப் பின்னால் காட்டி அதை வெடிக்க வைக்கிறது.

நாற்பது மீட்டர் மரக்கப்பல்

அமெரிக்கா இந்த வேலைக்காகக் கட்டிய வகை ஒய்.எம்.எஸ். என்று அழைக்கப்பட்டது. நீளம் 41 மீட்டரைச் சற்றே தாண்டும். அகலம் ஏழரை மீட்டர். டீசல் இயந்திரங்கள் இரண்டு. முப்பதைச் சற்றே தாண்டும் மாலுமிகள். முன்பக்கம் ஒரு மூன்றங்குலப் பீரங்கி, விமானங்களைச் சுட இரு சிறு பீரங்கிகள். பெரிய கப்பல்தளங்கள் எல்லாம் எஃகுக் கப்பல் கட்டும் வேலையில் மூழ்கியிருந்ததால், உல்லாசப் படகுகள் கட்டிவந்த முப்பத்தைந்து சிறு தளங்களிடம் இந்த வேலை கொடுக்கப்பட்டது. 500க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. அவற்றில் 150 பிரிட்டனுக்குச் சென்றன. பிற்காலத்தில் ஜாக் கூஸ்தோவின் கடலாய்வுக் கப்பலாக உலகமே அறிந்த 'கலிப்சோ' அந்த 150இல் ஒன்று. 1942இல் சியாட்டிலில் நீரில் இறக்கப்பட்டு, மால்டாவைத் தளமாகக் கொண்டு பணியாற்றியது. (மரக்கண்ணிவாரி மரபு போருக்குப் பின்னும் தொடர்ந்தது. 1956இல் இந்தியக் கடற்படை பிரிட்டனிடமிருந்து பெற்ற கடலோரக் கண்ணிவாரிகளில் ஒன்றுக்குக் 'கடலூர்' என்று பெயர் சூட்டியது.)

இக்கப்பல்களின் அன்றாட வேலை உழவைப் போன்றது. ஒரு சால் ஓட்டி, அதை ஒட்டி அடுத்த சால் ஓட்டுவதைப் போல, ஒவ்வொரு கப்பலும் முன்னே செல்லும் கப்பல் வாரிய பட்டைக்குள் தன் உடலை வைத்துக்கொண்டு, தன் வடத்தை வாராத நீரில் நீட்டிச் செல்லும். முதல் கப்பலுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. வாரிய எல்லையைக் கொடி கட்டிய மிதவைகளால் குறித்துக்கொண்டே போவார்கள். நீரோட்டம் கப்பலைச் சிறிது ஒதுக்கினாலும் இரண்டு சால்களுக்கு நடுவே உழாத வரப்பு தங்கிவிடும்; அங்கே ஒரு கண்ணி போதும். ஆகவே 'கடலைச் சுத்தம் செய்தார்கள்' என்பது தளர்வான பேச்சு. அவர்கள் சுத்தம் செய்தது கடலில் கீறிய ஒரு சாலையை மட்டுமே.

இந்தப் பணியின் கடுமையை 1945 ஜூனில் போர்னியோவின் பாலிக்பாப்பானில் காணலாம். ஆஸ்திரேலியப் படை ஜூலை 1 அன்று கரையிறங்குவதற்கு முன், ஒய்.எம்.எஸ். கப்பல்கள் இரண்டு வாரங்களுக்கும் மேலாக அந்தக் கரையை வாரின. கரையிலிருந்து ஜப்பானியப் பீரங்கிகள் அவற்றைச் சுட்டுக்கொண்டிருந்தன. பெரிய போர்க்கப்பல்கள் நெருங்கி வந்து அந்தப் பீரங்கிகளை அடக்கலாமென்றால், நெருங்கும் நீர் இன்னும் வாரப்படவில்லை. வாரவேண்டியவையோ சுடப்படும் கப்பல்கள். இன்னும் வேதனையானது, அங்கே கிடந்த கண்ணிகளில் நேச நாட்டு விமானங்களே முன்பு போட்ட காந்தக் கண்ணிகள் இருந்ததுதான். தங்கள் தரப்பு வைத்த கண்ணியைத் தாங்களே ஏமாற்ற வேண்டிய நிலையில், அந்த ஒரு மாதத்தில் மட்டும் மூன்று ஒய்.எம்.எஸ். கப்பல்கள் அழிந்தன.

எண்ணிக்கொண்டே இருக்கும் கண்ணி

ஏமாற்றும் முறை வந்ததும் கண்ணி செய்பவர்கள் சும்மா இருக்கவில்லை. 1940 இலையுதிர் காலத்தில் ஒலிக்கண்ணி வந்தது. தெருவில் லாரி போனால் அலமாரியில் பாத்திரம் அதிர்வதைப் போல, கப்பலின் இயந்திர ஒலியில் அதிரும் ஒரு தகடு அதன் காது. கண்ணிவாரிகள் அதற்கு விடையாக, சாலை உடைக்கும் மின்சுத்தியலை ஓர் எஃகுக் கூம்புக்குள் பொருத்தி, முன்பக்கத்திலிருந்து நீரில் இறக்கின. அந்த இரைச்சல் கப்பல் வந்து சேரும் முன்பே கண்ணியை வெடிக்க வைத்தது.

இதைவிடத் தொல்லை தந்தது ஒரு சிறிய சேர்க்கை: கடப்பெண்ணி. வாசலில் நிற்கும் காவலன் முதல் ஒன்பது பேரைப் பேசாமல் உள்ளே விட்டுப் பத்தாவது ஆளைப் பிடிப்பதைப் போல, இந்தக் கருவி குறித்த எண்ணிக்கை நிறையும்வரை ஒவ்வொரு கப்பலையும் எண்ணி விட்டுவிடும். கண்ணிவாரியின் போலிக் காந்தமும் அதற்கு ஒரு கப்பல்தான். பத்துக்கும் மேற்பட்ட கடப்புகள் வரை எண்ணக்கூடியவை இருந்ததால், ஒரே சாலை மறுபடி மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று. 'வாரப்பட்ட பாதை' என்றால் 'கண்ணியே இல்லாத பாதை' என்று பொருளல்ல; எத்தனை முறை வாரப்பட்டது என்பதைச் சொன்னால்தான் அந்தச் சொல்லுக்கு அளவு கிடைக்கும். எனக்குத் தெரிந்து, இந்தத் துறையில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான்.

1944 ஜூனில் நார்மண்டியில் அழுத்தக் கண்ணி வந்தபோது ஏமாற்றவும் வழியில்லாமல் போயிற்று. கப்பல் நகரும்போது அதன் கீழே நீரழுத்தம் சற்றே குறையும். கண்ணி அந்தக் குறைவை உணரும். உண்மையான பெரிய கப்பலைத் தவிர வேறெதுவும் அந்த அளவு நீரை விலக்காது. கப்பல்களை மெதுவாகச் செல்லச் சொன்னதே அன்றைய முதன்மையான காப்பு.

திறந்தும் திறக்காத துறைமுகம்

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகம் 1944 செப்டம்பர் 4 அன்று ஏறக்குறையச் சேதமில்லாமல் பிரிட்டிஷ் படையின் கையில் விழுந்தது. முன்னேறும் படைகளுக்கு எரிபொருளும் உணவும் அவசரமாகத் தேவைப்பட்ட நேரம் அது. ஆனால் துறைமுகத்தையும் கடலையும் இணைக்கும் ஷெல்ட் முகத்துவாரத்தின் கரைகள் ஜெர்மானியரிடம் இருந்தன. நீருக்குள் கண்ணிகள் இருந்தன. நவம்பர் முற்பகுதியில், அந்த முகத்துவாரத்தின் வாயிலில் உள்ள வால்ஹெரன் தீவில் சண்டை ஓய்ந்ததும் சிறிய கண்ணிவாரிகள் உள்ளே நுழைந்தன. கடப்பெண்ணி பொருத்திய கண்ணிகளை எதிர்பார்த்து, அதே நீர்வழியை மூன்று வாரங்கள் திரும்பத் திரும்ப வாரின. முதல் பெரிய சரக்குக் கப்பல் அணி நவம்பர் 28 அன்று, 'ஃபோர்ட் கட்டராக்வி' முன்செல்ல, துறைமுகத்தை அடைந்தது. நகரைப் பிடித்ததற்கும் துறைமுகம் பயன்பட்டதற்கும் இடையே 85 நாட்கள்.

மரம் எதிலிருந்து காத்தது?

மரக்கப்பல் கண்ணிக்கு அஞ்ச வேண்டியதில்லை என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. மரம் மறைத்தது காந்தத்தை மட்டுமே. கொம்புள்ள பழைய தொடுவெடிக்கு மரமும் எஃகும் ஒன்றுதான். போரின்போது ஒய்.எம்.எஸ். 400 என்ற எண்ணுடன் இருந்து, பின்னர் 'மேக்பை' என்ற பெயர் பெற்ற கப்பல், 1950 அக்டோபர் 1 அன்று கொரியாவின் கிழக்குக் கரையருகே மிதந்துவந்த ஒரு கண்ணியில் மோதியது. கப்பலில் இருந்த 33 பேரில் 21 பேர் திரும்பவில்லை. அதே மாதம் 12ஆம் தேதி, வொன்சான் துறைமுகத்தை வாரும்போது 'பைரேட்', 'பிளெட்ஜ்' என்ற எஃகுக் கண்ணிவாரிகள் இரண்டும் ஒரே நாளில் மூழ்கின.

கேட்காத கண்ணி

இன்று கடற்படைகள் பெரிதும் கையாளும் கண்ணிதேடல் என்பது வேறு முறை. அதில் ஒலியலைக் கருவியால் கடலடியைப் பார்த்து, ஒவ்வொரு பொருளாக அடையாளம் கண்டு, அருகில் வெடி வைத்து அழிக்கிறார்கள். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன தரைக் காட்சிக்கு இதுவே நெருக்கமானது; வாரலையும் தேடலையும் ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது.

வாரலால் முடியாத ஒன்று தேடலுக்கு மிஞ்சியிருக்கிறது. அன்று போட்ட காந்தக் கண்ணிகளின் மின்கலங்கள் எப்போதோ செத்துவிட்டன. ஊசி சாய்ந்தாலும் ஓட மின்சாரம் இல்லை. எனவே எந்தப் போலிக் காந்தத்துக்கும் அவை அசையா. ஆனால் உள்ளே இருக்கும் சில நூறு கிலோ வெடிமருந்து அப்படியே இருக்கிறது. வடகடலிலும் பால்டிக் கடலிலும் மீனவர்களின் வலையில் அவை இன்றும் சிக்குகின்றன; சிக்கியதும் வலையை அங்கேயே விட்டு விலகி, கடற்படை முக்குளிப்பவர்களுக்குச் செய்தி அனுப்புகிறார்கள்.